ஏற்பூசி போடாத உடம்பு

என்னைப் பார்க்க வருகிறவர்கள் கதிரையில் இருந்ததும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "என்னக்கா நடந்தது உங்களுக்கு?" ஆட்களுக்கு முன்னால் இருந்து கதைக்க எனக்கு எப்போதும் வராது. என் தங்கச்சியின் மகள் கோமதிதான் எனக்குப் பதிலாகச் சொல்லுவாள். சொல்லும்போது சில இடங்களை விட்டுவிடுகிறாள். நோகிற இடங்கள் அவை. அதனால் முழுக்க நான் எழுதி வைக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தால் நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

எனக்கு வந்த வருத்தத்தின் பெயர் ஏற்பு, இங்கிலீசில் டெட்டனஸ். ஆணி குத்தினால், முள் கிழித்தால், மண்ணும் சாணியும் பட்ட அந்தப் புண்ணுக்குள் ஒரு கிருமி போய் இருந்துவிடும். கிருமி புண்ணைவிட்டு அசையாது. அது கக்குகிற நஞ்சுதான் நரம்பு வழியாக ஏறி உடம்பில் உள்ள தசையை எல்லாம் இறுக்கிப்போடும். முதலில் தாடை, பிறகு கழுத்து, வயிறு, முதுகு. மூச்சு விடுகிற தசையும் இறுகினால் ஆள் முடிந்தது. இப்படித்தான் ஆஸ்பத்திரியில் நின்ற டொக்டர்ப் பிள்ளை விளங்கப்படுத்தினா.

எங்கள் வீடு பருத்தித்துறைக்குக் கிட்ட. வீட்டில் நான், கோமதி, அவளின் மகள் ஆரணி. ஆரணிக்கு இரண்டரை வயது. கோமதியின் மனுசன் நேசன் பிரான்சில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. பிள்ளை தவழ முன்னமே போனவர். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அங்கே இருக்க விடுகிற விசா காட் கிடைத்தால் இவர்கள் இரண்டு பேரையும் கூப்பிடுவார். அந்தக் காட்டைப் பார்த்துக்கொண்டுதான் எங்கள் வீட்டில் எல்லாம் நடக்கும். பிள்ளையைப் பாலர் பள்ளிக்கு விடுவதென்றாலும், குசினிக்கு ஓடு மாற்றுவதென்றாலும், "காட் வரட்டும்" என்பதுதான் கதை.

ஐப்பசி மழைக்குப் பழைய மாட்டுக் கொட்டில் சரிந்து விழுந்தது. மரங்களை ஒதுக்கப் போனபோது பலகையில் கிடந்த கறள் பிடித்த ஆணி என் குதிக்காலில் ஏறிவிட்டது. இழுத்து எடுத்துவிட்டு, கோப்பித்தூள் அப்பி, பழைய சீலைத்துண்டால் கட்டினேன். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிறதுதான். இரத்தம் நின்றது. ஒருவருக்கும் சொல்லவில்லை. காலில் ஆணி குத்தியதை ஒரு கதையாகச் சொல்லித் திரிகிற பழக்கம் எனக்கு இல்லை.

அடுத்த கிழமை கந்தசட்டி தொடங்கியது. பின்னேரத்தில் ஒருக்கால் பாலும் பழமும் எடுத்து விரதம் பிடிப்பேன். அந்த நாட்களில் கதையும் குறைவு. விரதம் அரைவாசி கழிந்தபோது தாடை இறுகுகிற மாதிரி இருந்தது. பல்லுக்கொதியாக்கும் என்று நினைத்தேன். மறுநாள் பாலைக் குடிக்க வாய் கொஞ்சம்தான் திறந்தது. கழுத்தைத் திருப்ப ஏலாமல் இருந்தது. கோயில் மண்டபத்தில் வெறும் நிலத்தில் படுத்த பிடிப்பு என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் இருந்தது.

சூரன்போர் அன்று கோயிலில் பக்கத்து வீட்டு இராசம்மாக்கா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னா.

"விரதம் எண்டால் உப்பிடிப் பிடிக்கவேணும் பிள்ளையள். நாங்கள் பிடிக்கிறதும் ஒரு விரதமே? முருகா எண்டு ஒருக்கால், மிச்சம் முழுக்க ஊர்க்கதை. இவவைப் பாருங்கோ, வாயே திறக்கிறா இல்லை!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. வாய் திறக்கவில்லை என்பதை அவ்வளவு பேரும் கண்டார்கள். திறக்க ஏலாமல் இருக்கிறேன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லையே, அவர்களை என்ன சொல்லுறது.

அடுத்த நாள் விடியப் பாறணை. விரதம் முடித்துச் சாப்பிடுகிற சாப்பாடு. கோமதி எல்லா மரக்கறியும் வைத்துச் சமைத்து வாழையிலை போட்டாள். இலைக்கு முன்னால் இருந்தேன். பசி வயிற்றைக் கிள்ளியது. வாய் திறக்கவில்லை.

"விரதம் முடிஞ்சுது பெரியம்மா. இனியாவது வாயைத் திறவுங்கோ," என்றாள் கோமதி.

ஆரணி என் முகத்துக்குக் கிட்ட வந்து பார்த்தாள். "பெரியம்மம்மா சிரிக்கிறா," என்றாள். பிறகு தன் கையால் ஒரு வாய் சோறு எடுத்து எனக்குத் தீத்தப் பார்த்தாள். சோறு பல்லில் முட்டி மடியில் விழுந்தது. திரும்பவும் எடுத்தாள். திரும்பவும் விழுந்தது. நான் சிரிக்கவில்லை. முகத்துத் தசை இறுகி உதட்டை இரண்டு பக்கமும் இழுத்து வைத்திருந்தது.

கோமதி வந்து என் தாடையைத் தொட்டாள். "ஐயோ, கல்லு மாதிரிக் கிடக்கு," என்று எழும்பின வேகத்தில் சட்டி மூடி சீமெந்தில் விழுந்தது. அந்தச் சத்தத்தோடு என் முதுகு தன்பாட்டில் பின்னுக்கு வளைந்தது. தலையும் குதிக்காலும்தான் நிலத்தில். கத்த வேண்டும் போல் இருந்தது. கத்துகிறதுக்கும் வாய் வேண்டும்தானே.

இராசம்மாக்கா ஓடி வந்து, "கண்ணூறு பட்டிட்டுது. நான்தான் நேற்று வாய் வைச்சனான். கோயிலடி ஐயாட்டைப் பார்வை பாப்பம்," என்று அழுதா.

"பார்வையும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். ஓட்டோவைக் கூப்பிடுங்கோ அக்கா!"

பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் என் காலைக் கட்டியிருந்த சீலையை அவிழ்த்துப் பார்த்ததும் நிற்கவிடவில்லை. அம்புலன்சில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வண்டி புறப்பட்டதும் சங்கு ஊதியது. ஊத ஊத என் உடம்பு முறுக்கியது. கூட வந்த நேர்ஸ் கண்ணாடியில் தட்டி, "சைரனை நிப்பாட்டுங்கோ! மெல்லப் போங்கோ!" என்றா. மற்றவர்களுக்குச் சங்கு ஊதி வழி எடுப்பார்கள். எனக்காகச் சத்தமில்லாமல், றோட்டுக் கிடங்கு குழி பார்த்துப் பார்த்து ஓடினார்கள். ஒவ்வொரு கிடங்கும் எனக்குத் தெரிந்தது.

அங்கே என்னைப் பார்த்த டொக்டர் கண்டிப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. இளம் பிள்ளை. தமிழை இங்கே வந்துதான் பழகினதாம். ஒரு தட்டைக் குச்சியைப் பல்லுக்கு இடையால் மெல்ல விட்டுத் தொண்டையைத் தொட்டா. மற்ற ஆட்களுக்கு ஓங்காளம் வரும். ஏற்பு வந்த ஆளின் பல்லு குச்சியைக் கடித்துப் பிடித்துவிடும். என் பல்லும் கடித்தது. பிறகு இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். ஆனால் ஏற்பை இரத்தத்தில் பார்த்துச் சொல்ல ஏலாதாம். அந்தக் குச்சியும் ஆளின் கோலமும்தான் சொல்லும்.

"இவங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று அந்த டொக்டர் கோமதியிடம் கேட்டா.

"பெரியம்மா கலியாணம் கட்டேல்லை, மிஸ்."

"பிள்ளை இல்லை. அப்போ ஏற்பு ஊசி இல்லை."

உயிர் போகிற நேரத்தில் இதையும் ஏன் கேட்கிறா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. பெண்களுக்கு இந்த ஊசி பிள்ளைத்தாய்ச்சியாய் இருக்கும்போது போடுவார்கள். குழந்தைகளுக்குக் கிளினிக்கில் போடுவார்கள். நான் குழந்தையாய் இருந்த காலத்தில் எங்கள் பக்கத்தில் பெரியம்மைக்குக் கையில் கீறி மருந்து வைத்தார்களே தவிர, இது இருக்கவில்லை. இது வந்த காலத்தில் நான் பிள்ளைத்தாய்ச்சியாய் இருக்கவில்லை. ஊரில் மிட்வைஃப் அம்மா வீடுவீடாய் வருவா. எங்கள் வீட்டுக்கும் வந்து தங்கச்சியைப் பார்த்தா, பிறகு கோமதியைப் பார்த்தா. நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன். அவவில் பிழை இல்லை. அந்த வழியில் நான் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

காலைக் கீறிக் கழுவினார்கள். நஞ்சை முறிக்கிற மருந்து ஏற்றினார்கள். அது புண்ணில் மிச்சம் இருக்கிற நஞ்சுக்குத்தான். நரம்பில் ஏறினது ஏறினதுதான், தன்பாட்டில் விடும்வரை உடம்பைத் தாக்காட்டி வைத்திருக்க வேண்டும். தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்து மெசினில் மூச்சு விட விட்டார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் எனக்குத் தந்த மூலை அறையில் யன்னலுக்குக் கறுப்புச் சீலை போட்டிருந்தது. வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது, தொடக் கூடாது. எது பட்டாலும் உடம்பு முறுக்கும். நேர்ஸ்மார் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். குசுகுசு என்றுதான் கதைத்தார்கள். இந்த வருத்தத்தின் கொடுமை என்னவென்றால், நினைவு தப்பாது. மருந்துக்கு அரை மயக்கம் வரும். ஆனால் முறுக்கும்போது ஒவ்வொரு எலும்பும் தெரியும். இழுத்து இழுத்து முதுகு முறியப் போகிறது என்று நினைக்கும்போது விடும். விட்டதும் அடுத்தது எப்போது என்ற பயம். அந்தப் பயத்துக்கே சிலவேளை முறுக்கும்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். சேலையைச் சரியாகப் போர்த்தாமல் முற்றத்துக்கு வராதவள் நான். அங்கே பெண்களும் ஆண்களுமாய் நாலு பேர் என்னைப் புரட்டித் துடைத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொள்வேன். தென்பகுதியில் இருந்து வந்த ஒரு நேர்ஸ் பிள்ளைக்கு அது விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவ வேலைக்கு நிற்கிற நாளெல்லாம் முதலில் என் முகத்துக்கு மேல் ஒரு மெல்லிய துண்டைப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. அவவுக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியாது. கதைக்கத் தெரிந்திருந்தாலும் தொண்டையில் குழாய்.

கார்த்திகை விளக்கீடு வந்து போனதைக் கோமதி காதுக்குள் சொல்லித்தான் அறிந்தேன். பார்வையாளர் நேரத்தில் வந்து, என்னைத் தொடாமல் நின்றுவிட்டுப் போவாள். ஆரணியை இராசம்மாக்கா பார்த்துக்கொண்டா. கண்ணூறு போட்ட குற்றத்துக்குத் தண்டனையாம் என்று தானே சொல்லிக்கொண்டு பிள்ளைக்குச் சோறு தீத்தினாவாம்.

ஆஸ்பத்திரியில் ஒரு சதமும் கேட்கவில்லை. அந்த மருந்து வெளியில் என்ன விலை என்று ஒருவர் கோமதிக்குச் சொல்ல அவள் வாயைப் பொத்தினாளாம். ஆனால் ஆள் பற்றாக்குறை. முந்தி இருந்த பெரிய டொக்டர் ஒருவர் வெளிநாடு போய்விட்டார், இன்னொருவரும் போக இருக்கிறார் என்று கதைத்தது அரை மயக்கத்தில் எனக்குக் கேட்டது. போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலிருந்தும் ஒருவர் போய்த்தானே இருக்கிறார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எங்கெங்கோ தேசத்துக் கிழவர்களுக்கு வைத்தியம் செய்ய, எனக்கு மூச்சு விடப் பண்ணினது கண்டியில் பிறந்த பிள்ளை. அதையும் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

முறுக்கு இடைவெளி விட்டு வரத் தொடங்கியதும் வாட்டுக்கு மாற்றினார்கள். குழாய் அப்படியே இருந்தது. ஒருநாள் டொக்டர்ப் பிள்ளை கோமதியிடம் கேட்டா. "வீட்டில சின்னப் பிள்ளை இருக்குதானே? அவங்களுக்கு ஊசி எல்லாம் போட்டதா?"

கோமதி நிலத்தைப் பார்த்தாள். "முதல் இரண்டும்தான் மிஸ். பிறகு நிப்பாட்டிப் போட்டம்."

இதுதான் கோமதி வருகிறவர்களுக்குச் சொல்லாமல் விடுகிற இடம்.

ஆரணிக்கு நாலாம் மாதத்தில் ஊசி போட்ட இரவு கடும் காய்ச்சல் வந்து வலிப்பு வந்தது. நேசன்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் போனவர். ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளையை விட்டார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. நேசனுக்குத்தான் அது போகவில்லை. பிரான்சுக்குப் போன பிறகு, ஊசியால் பிள்ளைகள் பழுதாகிப் போவதாக யார்யாரோ கதைக்கிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துப் பயம் முற்றிவிட்டது. "அங்கை இனி ஒரு ஊசியும் போடாதை. காட் வரட்டும். இஞ்சை வந்தாப்பிறகு பெரிய டொக்டர்மாரைக் கேட்டுப் போடுவம்," என்று சொல்லிவிட்டார். மிட்வைஃப் அம்மா வந்து வந்து கேட்டா. கோமதி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சாட்டு. பிள்ளைக்குச் சளித் தடிமன், ஊரில் இல்லை, அடுத்த மாதம்.

அன்று டொக்டர்ப் பிள்ளை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்து சொன்னா. சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் சட்டென்று ஏறினால் வலிப்பு வரும். ஊசியால் வந்த காய்ச்சல் என்றாலும் சரி, தடிமன் காய்ச்சல் என்றாலும் சரி. மூளையைப் பழுதாக்காது. வளர வளர விட்டுப்போகும். பயம் என்றால் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் வைத்துப் போடலாம். பிறகு என்னைக் காட்டினா. "அம்மாவுக்கு வந்தது ஆள்விட்டு ஆள் தொத்தாது. ஆனா இந்தப் பிள்ளைக்கு விட்டுப்போன ஊசிகளில சின்னமுத்து அம்மைக்குப் போடுறதும் இருக்கு. சின்னமுத்து வந்தா பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் போகும்."

அந்தப் பின்னேரமே நேசன் போன் எடுத்தார். நான் நித்திரை என்று நினைத்து கோமதி கட்டில் கரையில் இருந்து கதைத்தாள். வாட்டுச் சத்தத்துக்கு அவளுக்குக் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"உனக்கென்ன, நீ ஓட்டோவிலை பக்கத்திலை இருந்து அழுதுகொண்டு வந்தனி. ஆர் பிள்ளையைப் பிடிச்சிருந்தது? நான். கண் மேலை செருகி, வாய் நீலமாய்ப் போனது என்ரை கையிலை."

"தெரியுமப்பா. ஆனால் டொக்டர் சொல்லுறா..."

"டொக்டர் சொல்லுவா. பிள்ளைக்கு ஒண்டெண்டால் டொக்டர் வந்து வளப்பாவே?"

"இஞ்சை பெரியம்மா கிடக்கிற கிடையை வந்து பாருங்கோ. பிள்ளையும் அதே வளவுக்குள்ளைதான் வெறுங்காலோடை ஓடித் திரியுது."

"ஆணி குத்தினால் உடனை கொண்டுபோய் ஊசி போடலாம்தானே."

"குத்தினது ஆருக்குத் தெரியும்? பெரியம்மாவே சொல்லேல்லை. பிள்ளை சொல்லுமே?"

அந்தப் பக்கம் பாத்திரங்கள் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நேசன், "பெரியம்மாவை ஒருக்கால் காட்டு," என்றார்.

"வேண்டாமப்பா. அவவுக்கு உதெல்லாம் பிடியாது. நீங்கள் வீட்டுக்கு வாற நேரமே அறைக்குள்ளை போற மனுசி."

அவள் சொன்னது மெய். நேசனோடு நான் முகம் கொடுத்துப் பத்து வார்த்தை கதைத்திருக்க மாட்டேன். இப்போது தலைமயிர் வழித்த மாதிரி ஒட்டி, தொண்டையில் குழாய், வாயால் வழிகிற எச்சில், கீழே மூத்திரப் பை. இந்தக் கோலத்தை ஒரு ஆம்பிளைக்கு, அதுவும் மருமகனுக்கு. கண்ணைத் திறந்து கோமதியின் சேலையை விரலால் பிடித்தேன். அவள் திடுக்கிட்டாள். போனைப் பார்த்துத் தலையாட்டினேன்.

"காட்டட்டே பெரியம்மா? மெய்யாவே?"

திரும்பவும் தலையாட்டினேன்.

அவள் போனைத் திருப்பினாள். சின்னக் கண்ணாடிக்குள் நேசனின் முகம். மெலிந்து போயிருந்தார். "பெரியம்மா," என்றார். அந்த நேரம் பார்த்து அடுத்த வரிசையில் யாரோ தட்டத்தைக் கீழே போட்டார்கள். எனக்கு முறுக்கியது. கட்டிலை விட்டு முதுகு எழும்பியது. கோமதி போனைத் திருப்பவும் மறந்து போனாள், என்னைத் தொடவும் பயம். போனுக்குள் நேசன், "நிப்பாட்டு, நிப்பாட்டு கோமதி, நிப்பாட்டு!" என்று கத்தினார். அவள் ஏதோ விசையை அமத்தினால் நின்றுவிடும் என்ற மாதிரி. முறுக்கு விட்டு நான் கண்ணைத் திறக்க, போனில் ஒருவரும் இல்லை.

பார்த்துவிட்டார், இனி மனம் மாறுவார் என்று நினைத்தேன். இரண்டு நாள் அவர் போன் எடுக்கவில்லை. எடுத்தபோது, "அது வயசு போன உடம்பு. பிள்ளைக்கு உப்பிடி வராது," என்றாராம். கோமதி அதை எனக்குச் சொன்னபோது அழவில்லை. என் காலுக்குக் களிம்பு பூசிக்கொண்டே இருந்தாள்.

தைப்பொங்கலுக்குக் கிட்ட என்னை வீட்டுக்கு விட்டார்கள். குழாய் எடுத்த ஓட்டை மூடிவிட்டது. நடக்கிறது தடியோடு. வாய் இரண்டு விரல் அளவுக்குத் திறக்கும். குழைத்த சோறுதான். ஒரு விசயம் கேட்டு அதிசயப்பட்டேன். சின்னமுத்து ஒருக்கால் வந்தால் திரும்ப வராது. ஏற்பு அப்படி இல்லை. வந்து இவ்வளவு பாடுபட்ட உடம்புக்கும் ஊசி போடத்தான் வேண்டும். முதல் ஊசியை வாட்டில் போட்டார்கள். அடுத்ததுக்கு மாசியில் வரச் சொன்னார்கள்.

போகிற நாளுக்கு முதல் நாள் கோமதி போனில் சொன்னது எனக்குக் கேட்டது.

"நாளைக்குப் பெரியம்மாவுக்கு ஊசி. ஆரணியையும் கொண்டுபோறன்."

"கொண்டுபோனால் பிறகு என்னோடை கதையாதை."

அவள் "சரியப்பா," என்று வைத்தாள். வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் ஆரணியின் சட்டையைத் தோய்த்தாள். ஏற்கெனவே தோய்த்த சட்டை.

எனக்கு அவளைப் பிடித்து நிறுத்தவும் மனம் வரவில்லை, போ என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. நேசன் கெட்டவர் இல்லை. தூரத்தில் இருக்கிற ஆளுக்குத் தான் கடைசியாகக் கண்டதுதான் கண்ணில் நிற்கும். அவருக்கு நீலமான வாய் நிற்கிறது. நாங்கள் இங்கே பிள்ளை ஓடுகிற வளவைப் பார்க்கிறோம். இதில் பிள்ளைக்குப் பிழை வந்துவிட்டால் அவர் கோமதியை உயிர் உள்ளவரை மன்னிக்க மாட்டார். நல்லாய் நடந்தாலும் மன்னிப்பாரோ தெரியாது.

கிளினிக்கில் நீட்டு வாங்குப் பலகை முழுக்க இளம் தாய்மார், மடியில் பிள்ளைகள். அந்த வாங்கில் நான் என் வாழ்நாளில் இருந்ததில்லை. எனக்கு ஊசி போடுகிற இடம் வேறு கட்டடத்தில். அவ்வளவு தூரம் நடக்க ஏலாது என்று கண்டு, "இருங்கோ அம்மா, இஞ்சையே போட்டுவிடுறன்," என்றா அங்கிருந்த நேர்ஸ். பக்கத்தில் இருந்த ஒரு இளம் தாய் தன் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றி எனக்கு இடம் விட்டுவிட்டுக் கேட்டாள். "பேரப்பிள்ளையைக் கொண்டு வந்தனீங்களோ ஆச்சி?"

"எனக்கும்தான்," என்றேன். அவள் சிரித்தாள். அன்று அந்நிய ஆளோடு நான் கதைத்தது அதுதான்.

எனக்கு முதலில் போட்டார்கள். ஆரணி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவளுக்குக் கையில் ஒன்று, தொடையில் ஒன்று. வீரிட்டு அழுதாள். கோமதி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். வலிப்பு வந்த பிள்ளை என்று மத்தியானம் கடக்கும்வரை எங்களை அங்கேயே வைத்திருந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பொழுதுபடக் காய்ச்சல் தொடங்கியது. கோமதி பனடோல் பாணி கொடுத்தாள். ஈரச்சீலையால் துடைத்தாள். பிள்ளையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமை கொஞ்சம் சொருகினாலும், "ஆரணி, ஆரணி," என்று கூப்பிடுவாள். "நித்திரை கொள்ள விடெணை பிள்ளையை," என்று இராசம்மாக்கா கத்தினா. கோமதிக்குக் கேட்கவில்லை. போனைப் பக்கத்தில் வைத்திருந்தாள். அது அடிக்கவில்லை. நான் என் கட்டிலில் இருந்து வாய்க்குள் முருகனைக் கும்பிட்டேன். ஆஸ்பத்திரியில் எனக்காக இப்படிக் கும்பிடவில்லை.

வலிப்பு வரவில்லை. அடுத்த நாள் மத்தியானம் நெற்றி குளிர்ந்தது. ஆரணி எழும்பி இருந்து, "சோறு," என்றாள்.

கோமதி போனை எடுத்து வாய்க்குக் கிட்டப் பிடித்து, "காய்ச்சல் விட்டிட்டுது. வலிப்பு வரேல்லை. பிள்ளை சோறு கேக்குது," என்று சொல்லி அனுப்பினாள். குரலை அப்படியே அனுப்புகிற வழி போனில் இருக்கிறது. அந்தப் பக்கம் ஆள் கேட்டுவிட்டால் பக்கத்தில் உள்ள சின்ன அடையாளம் நீலமாகும். சோற்றைக் குழைத்து ஒரு வாய் தீத்துவாள், போனைப் பார்ப்பாள். இன்னொரு வாய் தீத்துவாள், பார்ப்பாள். கோப்பையில் சோறு முடிகிற நேரம் அவளின் கை நின்றது.

"கேட்டிட்டார் பெரியம்மா," என்றாள்.

மறுமொழி வரவில்லை. அன்றும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. இப்போது பின்னேரங்களில் எடுக்கிறார். "பிள்ளையிட்டைக் குடு," என்று மட்டும் சொல்லுவார். கோமதி குடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய் உடுப்பு மடிப்பாள். ஆரணி அவருக்குத் தன் கையைக் காட்டுவாள், தொடையைக் காட்டுவாள். ஊசி போட்ட இடம் இப்போது தெரியாது. என்றாலும் "கிட்டக் காட்டு அம்மா, இன்னும் கிட்ட," என்று கேட்டுப் பார்க்கிறார்.

இன்னும் ஊசிகள் மிச்சம் இருக்கின்றன. அடுத்ததற்கு வரச் சொன்ன நாள் கிட்டுகிறது. கோமதி நேற்று அந்த நாளையும் போனில் சொல்லி அனுப்பினாள். அதையும் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லவில்லை.